காளை வீடு வந்து சேர்ந்ததா

ஏரிக்கரை காசநோய் ஆஸ்பத்திரி, இசிக்-குல்
1981 பிப்ரவரி 19

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தோடு காளைக் கதைப் புத்தகத்தையும் திருப்பி அனுப்புகிறேன். கடைசி அத்தியாயம் படிக்கவில்லை. இனிப் படிக்கப் போவதும் இல்லை.

நாற்பதாம் நாள் விருந்துக்கு வந்து இரண்டு நாள் இருந்தும் உங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வந்திருந்த பெண்கள் எல்லோரையும் கட்டிக்கொண்டு அழுதேன், உங்கள் முறை வந்ததும் நகர்ந்துவிட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் செய்தேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அண்ணன் மின்கம்பத்திலிருந்து விழுந்து செத்தது ஜனவரி ஆறாம் தேதி. சித்தப்பா இரண்டு பெரியவர்களோடு இங்கே வந்து, என் கையில் தண்ணீர்க் கிளாஸைக் கொடுத்து, "குடிச்சிரும்மா, அப்புறம் பேசலாம்" என்றது பிப்ரவரி எட்டாம் தேதி. நடுவில் முப்பத்து மூன்று நாள். அந்த முப்பத்து மூன்று நாளும் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். படித்தேன்.

எந்த நாளில் எத்தனை பக்கம் என்று நான் டைரியில் குறித்துவைப்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட வாத்தியார் புத்தி. இப்போது அதைத் திறந்து பார்க்கிறேன். ஜனவரி ஆறு: கடற்பயணப் புத்தகம், நாற்பது பக்கம். பக்கத்திலேயே 'அருமை' என்று எழுதியிருக்கிறேன். ஜனவரி எட்டு, அவனை மண்ணில் இறக்கிய நாள்: அறுபது பக்கம். அன்றைக்குப் பக்கத்துக் கட்டில் ரக்யாவுக்குப் புயல் வருகிற அத்தியாயத்தைச் சத்தமாக வேறு வாசித்துக் காட்டினேன். ஜனவரி பதினெட்டு: காளைக் கதை வந்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, "தையல் பிரிஞ்சா நான் பொறுப்பில்ல" என்று நர்ஸ் திட்டினாள்.

அந்தக் கதையை அண்ணன் எதற்காக வாங்கினான் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கதாநாயகன் பெயரும் அவன் பெயர்தான், எஷிம். கூட்டுப்பண்ணைக்காக ஓர் உயர்சாதிக் காளையை மூன்று கணவாய் தாண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவன். போகிற வீட்டிலெல்லாம் அவனைச் சாப்பிட உட்காரவைத்துவிடுவார்கள், காளை அந்தந்த வீட்டில் ஒரு நாசம் செய்துவிடும். எனக்கு எட்டு வயதில் முதல்முறை நெஞ்சுநோய் வந்து படுத்ததிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகமானாலும் முதலில் அண்ணன் படிப்பான், ஓரத்தில் பென்சிலால் ஏதாவது எழுதுவான், பிறகு எனக்குத் தருவான். அம்மா அப்பா போன பிறகும் அது நிற்கவில்லை. அந்த நம்பிக்கையில்தான் இங்கே படுத்துக்கொண்டு ஓரக் குறிப்புகளைப் பார்த்துச் சிரித்தேன்.

ஜனவரி இருபத்து நான்காம் தேதி அவனுக்கு எழுதினேன். 'சோம்பேறி, ஆபரேசன் ஆன தங்கைக்கு நாலு வரி சொந்தக் கையால் எழுத மாட்டாயா? எல்லாவற்றுக்கும் அண்ணி கைதானா?' என்று. நீங்கள் பதில் எழுதினீர்கள்: 'உன் அண்ணன் படித்துவிட்டுச் சிரித்தார்.' மூன்று வாரமாக மண்ணுக்குள் கிடந்தவன் சிரித்தான் என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

ஏப்ரலில் என்னை விடுவிக்கிறார்கள். ஃப்ருன்ஸேயில் பெரியம்மா மகள் இருக்கிறாள், அங்கே போகிறேன். அந்த வீட்டுக்கு வர மாட்டேன்.

கனிஷாய்


அக்-ஜார் கிராமம், நாரின்
1981 பிப்ரவரி 27

என் சின்னப் பொண்ணுக்கு,

இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது உனக்கு நான் வைத்த பெயர் அது. உன் பெயரையும் சரி, அவர் பெயரையும் சரி, நான் வாயில் எடுத்ததில்லை, எழுத்திலும் இல்லை. நீ திட்டினாய் என்பதற்காக இப்போது மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அவரை வீட்டுக்குத் தூக்கிவந்த அன்றே சித்தப்பா பண்ணை அலுவலகத்திலிருந்து உன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். டாக்டர் சொன்னதை அப்படியே வந்து சொன்னார்: "நுரையீரல்ல கத்தி வச்சு மூணு நாள்தான் ஆகுது. ஒரு மாசத்துக்கு அழவைக்கிற எதுவும் காதுல விழக்கூடாது, ஆளும் பாக்க வரக்கூடாது. ரத்தம் வந்துச்சுன்னா என்னால நிறுத்த முடியாது." இதைக் கேட்டுவிட்டு நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

பெரியவர்கள் கூடி உட்கார்ந்தார்கள். "சாவுச் சேதி தபால்ல போற சேதி இல்ல. ஆள் போகணும், முகத்தப் பாத்துச் சொல்லணும்" என்றார் சித்தப்பா. "அதுவரைக்கும் லெட்டர் நிக்கக் கூடாது. நின்னா அவ மோப்பம் பிடிச்சிருவா." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னால முடியாது மாமா. அவரைக் கூடத்துல கிடத்தி வச்சிருக்கு" என்றேன்.

"உன்னாலதாம்மா முடியும். அவன் என்னைக்கு லெட்டர் எழுதினான்? சொல்லச் சொல்ல நீதானே எழுதுவ" என்றார். அது உண்மைதான். புத்தக ஓரத்தில் பக்கம் பக்கமாகக் கிறுக்குவாரே தவிர, ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால் உன் அண்ணனுக்குத் தோள் வலி வந்துவிடும்.

அவரை எடுத்துக்கொண்டு போன மறுநாள் உனக்கு முதல் கடிதம் எழுதினேன். 'இங்கே எல்லோரும் நலம், பனி அதிகம், அண்ணனுக்கு வேலை அதிகம்' என்று. அந்தக் காகிதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமல் இருக்கத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு எழுதினேன். பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ உயிரோடு இருக்கிறாய். ஒரு முழுத் தாள் நிறைய என்னைத் திட்டுகிற அளவுக்கு மூச்சும் இருக்கிறது.

புத்தகம் வந்து சேர்ந்தது. அலமாரியில் வைத்துவிட்டேன். ஃப்ருன்ஸேக்குத்தான் போகிறாய் என்றால் முகவரி எழுது, உன் கம்பளிக் காலுறைகளையும் அங்கியையும் அனுப்புகிறேன். என் அண்ணன் தலாஸிலிருந்து வந்து, "பிள்ளையா குட்டியா, இங்க எதுக்கு ஒத்தையா கிடக்குற? எங்க கூட வந்துரு" என்று கூப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறான். இன்னும் பதில் சொல்லவில்லை. நீயும் வரவில்லை என்றால் இந்த வீட்டில் நான் யாருக்காக அடுப்பு மூட்ட வேண்டும்? மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. நான் கேட்காமலே நீ சொல்லவேண்டியதைச் சொன்னாய், நானும் சொல்கிறேன்.

உன் அண்ணி


இசிக்-குல்
1981 மார்ச் 8

அண்ணிக்கு,

டாக்டர் சொன்னது எனக்குத் தெரியாது. சித்தப்பா அதைச் சொல்லவில்லை. சரி.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. காளைக் கதையில் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்துக்குப் பிறகு ஓரத்தில் எழுதியது யார்?

பிடித்த குறிப்புகளை டைரியில் எழுதிவைத்திருந்தேன். இப்போதுதான் வரிசையாகப் பார்க்கிறேன். அண்ணன் ஆசிரியரோடு சண்டை பிடிப்பான். 'மார்ச்சில் அந்தக் கணவாயில் புல் ஏது? இந்த ஆள் மலைப்பக்கம் வந்ததே இல்லை.' 'இந்தக் கயிறு காளையைத் தாங்காது, முயலைத்தான் தாங்கும்.' கதாநாயகனைப் பெயர் சொல்லித் திட்டுவான். 'எஷிம், மடையா, சாப்பிட உட்காராதே, காளையைப் பார்.' நூற்றுப் பதினெட்டு வரைக்கும் இப்படித்தான்.

அதற்குப் பிறகு வருவதைப் பாருங்கள். 'இந்த மாவு இன்னும் கொஞ்சம் ஊறவேண்டும், அவசரப்படுகிறாள்.' 'விருந்தாளிக்கு ஆறின சூப்பா கொடுப்பது?' 'காளைக்காரர் பாவம், காலையிலிருந்து ஈரச் சாக்ஸோடு இருக்கிறார்.' எஷிம் என்கிற பெயரே இல்லை. 'நம்ம ஆள்' இருக்கிறது, 'அந்த மனுஷன்' இருக்கிறது, 'காளைக்காரர்' என்று மரியாதை வேறு. கதையில் வருகிறவன் பெயரைக்கூடச் சொல்லக் கூச்சப்படுகிற ஆள் நம் வீட்டில் ஒருத்தர்தான்.

எழுத்து மட்டும் அவன் எழுத்துப் போலவே இருந்தது. கடிதத்தில் பொய் எழுத டாக்டர் காரணம். புத்தகத்தில் அவன் கையைத் திருடி எழுதியதற்கு யார் காரணம்?

கனிஷாய்


அக்-ஜார்
1981 மார்ச் 17

என் சின்னப் பொண்ணுக்கு,

நான்தான் எழுதினேன். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நாலு நாளாகத் திணறுகிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் இரண்டு தடவை பாலைப் பொங்கவிட்டேன்.

நீ அந்தப் புத்தகத்துக்காகக் காத்திருந்தாய். 'காளைக் கதை எங்கே, எப்போது வரும்' என்று இரண்டு கடிதத்தில் கேட்டாய். எடுத்துப் பார்த்தால் அவர் குறிப்பு பாதிப் புத்தகத்தில் நின்றிருந்தது. பென்சில் அந்தப் பக்கத்திலேயே செருகி இருந்தது. அப்படியே அனுப்பினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். மீதிக்கு நானே ஏதாவது கிறுக்கி அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். என்ன நடக்கிறது என்று தெரியாமல் எதைக் கிறுக்குவது? அதனால் முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

நான் புத்தகம் படிக்கிறவள் இல்லை, உனக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும்போதெல்லாம், "அதைப் படிச்சா பசு பால் கறக்குமா?" என்று கேட்டவள் நான். அவர் எத்தனை தடவை கேட்டிருப்பார். "ஒரே ஒரு பக்கம் வாசிச்சுப் பாரேன், பிடிக்கலன்னா வச்சிரு." நான் வாங்கிப் பார்த்ததே இல்லை. ஒரு தடவை சூடான சட்டியை இறக்க அவர் புத்தகத்தைப் பிடிதுணியாக எடுத்திருக்கிறேன்.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. துக்கம் கேட்க ஆள் வருகிறபோதெல்லாம் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்கவேண்டும். வாசலில் குதிரைச் சத்தமோ வண்டிச் சத்தமோ கேட்டால் புத்தகத்தை மெத்தை அடுக்குக்குள் தள்ளிவிட்டுத் திரும்பி உட்காருவேன். ஒரு நாள் மத்தியானம், காளை பண்ணைத் தலைவர் வீட்டுக் கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்து மணப்பெண்ணின் முக்காட்டைக் கொம்பில் மாட்டிக்கொண்டு ஓடுகிற இடம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே நேரம் மேல்பள்ளத்தாக்கிலிருந்து ஏழு பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். சுவர்ப் பக்கம் திரும்பினேன். சிரிப்பு நிற்கவில்லை. தோள் குலுங்குகிறது, மூச்சு அடைக்கிறது, முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டேன். பின்னால் ஒருத்தி சொல்கிறாள்: "இப்படித் துடிக்கிறாளே. அவ்வளவு பிரியமா இருந்திருக்கா புருஷன் மேல." இன்னொருத்தி என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

செத்து ஏழு நாள் ஆகவில்லை. நான் சிரித்தேன். அவர்கள் போன பிறகு வாயில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி படித்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, உனக்காகப் படித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். தபால்காரர் வாசலில் நின்று அவசரப்படுத்தியதால் கடைசி அத்தியாயத்தைப் பார்க்காமலே கட்டிக் கொடுத்துவிட்டேன். உன் புத்தகம் போய்விட்டது, என் வேலை முடிந்தது. ஆனால் நான் அடுத்த புத்தகத்தை எடுத்தேன். அவர் அலமாரியிலிருந்து ஒன்று, பிறகு இன்னொன்று. நாற்பதாம் நாள் விருந்துக்குள் மொத்தம் ஐந்து. வியாழக்கிழமை அவர் ஆத்மாவுக்கு வாசனை போகட்டும் என்று போர்சோக் மாவுத் துண்டுகளைக் காய்ந்த எண்ணெயில் போட்டுவிட்டு, புத்தகத்தில் மூழ்கி, மாவு முழுவதையும் கருக்கினேன். புருஷன் குழிமண் ஈரம் காயும் முன்னால் ஐந்து புத்தகம் படித்த பெண்பிள்ளை இந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒருத்திதான் இருப்பேன். எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் குற்றம். பொய் சொன்னது இல்லை.

அவர் குறிப்புகளையும் படித்தேன். தொண்ணூறாம் பக்கத்தில் கரண்டியைத் தூக்கிக்கொண்டு காளையை விரட்டுகிற ஒரு பொம்பளை வருவாளே, அங்கே உனக்கு எழுதியிருக்கிறார்: 'உன் அண்ணியைக் கேட்காமலே இவளை எழுதிவிட்டார்கள்.' இருபத்தோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர் இவ்வளவு பேசுகிறவர் என்று எனக்குத் தெரியாது. என்னோடு பேசும்போது உப்பு, விறகு, மின்கம்பம். மிச்சப் பேச்சையெல்லாம் இந்த ஓரங்களில் எழுதிவைத்திருக்கிறார். ஒரு பக்கம் படித்திருந்தால் எனக்கும் கிடைத்திருக்கும்.

திட்டவேண்டுமென்றால் இதற்காகத் திட்டு.

உன் அண்ணி


இசிக்-குல்
1981 மார்ச் 26

அண்ணி,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முக்காட்டை வாயில் திணித்த இடத்தில் சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன். ரக்யா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

போன கடிதத்தில் 'இப்போதுதான் வரிசையாகப் பார்க்கிறேன்' என்று எழுதினேன் அல்லவா? அது பொய். ஜனவரி இருபதாம் தேதியே பார்த்துவிட்டேன்.

நூற்று இருபத்தாறாம் பக்கம். 'காளைக்காரர் பாவம்.' அதைப் படித்தவுடன் உங்கள் குரல் கேட்டது. முதலில் நீங்கள் விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன். பிறகு அண்ணன் இதற்குச் சம்மதிக்க மாட்டானே என்று தோன்றியது. தன் பென்சிலை எனக்கே தொடக் கொடுக்காதவன். உயிரோடு இருக்கிறவனுக்காக இன்னொருத்தர் எதற்கு ஓரக் குறிப்பு எழுதவேண்டும்? அந்தக் கேள்வி வந்த பிறகு புத்தகத்தை மூடிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து அந்தச் 'சோம்பேறி' கடிதத்தை எழுதினேன். அது கேலி இல்லை அண்ணி, வைத்துப் பார்த்த சோதனை. அவன் ஒரு வரி சொந்தமாக எழுதினால் போதும் என்று இருந்தேன். 'உன் அண்ணன் படித்துவிட்டுச் சிரித்தார்' என்று உங்கள் கையில் பதில் வந்தது. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

கேட்டிருக்கலாம். நர்ஸைக் கேட்டிருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பாள், அவர் முகமே சொல்லியிருக்கும். கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் அவன் அங்கே கம்பத்தில் ஏறிக்கொண்டு இருப்பான் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் நான் அழுவதைப் பார்த்து ரக்யா, "என்னாச்சு?" என்றாள். "காளை ஆத்துல விழுந்துருச்சு" என்றேன். வார்டே சிரித்தது.

முதல் கடிதத்தில் டைரியிலிருந்து சில நாட்களைத்தான் எழுதினேன். மற்றதை எழுதவில்லை. ஜனவரி முப்பது: ஆறு பக்கம். பிப்ரவரி இரண்டு: மூன்று பக்கம். பிப்ரவரி ஐந்து: ஒரு பக்கம். வேகமாகப் படிக்கிறவள்தான் நான். புத்தகம் முடிந்தால் அடுத்தது என்ன என்று கேட்கவேண்டி வரும், அதற்காக இழுத்துக்கொண்டே போனேன். கடைசி அத்தியாயத்துக்கு வந்து நின்ற அன்று சித்தப்பா வந்துவிட்டார். என் கூடப் பிறந்தவன் போய்விட்டான் என்று தெரிந்தும் ஒரு வாரத்துக்கு மேல் காளைக் கதை படித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு எழுதின கடிதங்களில் வானிலை விசாரித்தேன்.

சித்தப்பா சொன்னபோது கிளாஸைப் போட்டு உடைத்தேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். அழுகை நிஜம். திகைப்பு மட்டும் பொய். ஊருக்கு வந்தபோது உங்களைக் கட்டிக்கொள்ள முடியவில்லை. மற்றவர்கள் என்னை ஏமாற்றப்பட்ட பெண்ணாகப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். நீங்கள் என் கண்ணைப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பீர்கள். அதனால் குற்றத்தை உங்கள் தலையில் வைத்துவிட்டு ஏரிக்கரைக்கு ஓடிவந்தேன்.

ஃப்ருன்ஸேக்கு இன்னும் எழுதவில்லை. அந்த வீட்டு வாசலை எந்த முகத்தோடு மிதிப்பது என்றும் தெரியவில்லை.

கனிஷாய்


அக்-ஜார்
1981 ஏப்ரல் 3

என் சின்னப் பொண்ணுக்கு,

எனக்குத் தெரியும்.

நீ எந்தக் கடிதம் எழுதினாலும் இரண்டாவது வரி 'அண்ணன் எப்படி இருக்கான்?' என்றுதான் இருக்கும். அந்தச் 'சோம்பேறி' கடிதத்துக்குப் பிறகு வந்த மூன்றிலும் அந்த வரி இல்லை. பனி எப்படி, பசு எப்படி, சித்தப்பா இருமல் எப்படி என்று வரிசையாகக் கேட்டிருந்தாய், அவரை மட்டும் கேட்கவில்லை. மூன்றாவதைப் படித்ததும், 'அவளுக்குத் தெரிஞ்சு போச்சு' என்று அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சித்தப்பாவிடம் சொல்லவில்லை. உனக்கும் 'தெரியுமா?' என்று எழுதவில்லை. எனக்கும் உன்னைப் போலத்தான் இருந்தது. நீ கேட்காத வரைக்கும், நான் சொல்லாத வரைக்கும், அவர் எங்கேயோ கம்பத்தின் மேல் இருந்தார். கூடத்தில் முகம் திருப்பிக்கொண்டு போனாயே, அன்றைக்கும் எனக்குக் கோபம் வரவில்லை. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கவேண்டும். பயந்துகொண்டு டாக்டரை முன்னால் நிறுத்திவிட்டேன்.

வா. முகத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். நாரின் பஸ் நிலையத்துக்குச் சித்தப்பா வண்டி கொண்டுவருவார், நீ தேதியை மட்டும் எழுது. நெஞ்சில் குளிர் படாமல் போர்த்திக்கொண்டு வா. தலாஸுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

இன்னொன்று. காளை வீடு வந்து சேர்ந்ததா இல்லையா என்று எனக்கும் தெரியாது. அந்தக் கடைசி அத்தியாயத்தை நேற்று அடுப்புக்குப் பக்கத்தில், அவர் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். அவர் இருந்தபோது கேட்காததை இப்போதாவது அந்த இடம் கேட்கட்டும் என்று நினைத்தேன். முதல் வரியே அந்தப் பெயரில்தான் தொடங்குகிறது. வாயைத் திறந்தேன், வரவில்லை. வேறு பெயர் வைத்து வாசிக்க மனசு இல்லை, மூடிவைத்துவிட்டேன்.

நீ வா. பெயர் வருகிற இடத்தில் மட்டும் நீ வாசி. மிச்சத்தை நான் வாசிக்கிறேன்.

உன் அண்ணி